நூற்று எண்பத்தாறு நட்சத்திரங்கள்

மார்ச் 3

பாப்பா,

மூன்று நாளாக உன் போன் அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. அதனால்தான் காகிதம். நான் கொட்டேஷன் எழுதுவேன், ஆர்டர் எழுதுவேன். கூடப் பிறந்தவளுக்குக் கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நடந்தது இதுதான். உன் புத்தகத்தின் கடைசி ப்ரூஃபை நீ பார்த்துச் சரி சொன்ன பிறகு புது மெஷினுக்கு ஃபைலை மாற்றினோம். மாற்றும்போது எழுத்துரு இடித்து, நட்சத்திரக் குறி எல்லாம் உதிர்ந்துவிட்டது. கம்ப்யூட்டர் செய்த வேலை. அதைக் கவனிக்க வேண்டியது எழுத்தக்கா. பதினாறு வருஷமாக நம் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவள், கவனிக்கவில்லை. அவளை அனுப்பிவிட்டேன். நீயே காதால் கேட்டாய். போனை ஸ்பீக்கரில் போட்டு, ஆள் அத்தனை பேர் முன்னாலும்தானே சொன்னேன்? நான் யாருக்கும் சலுகை காட்டவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தேன்.

முந்நூறு பிரதியையும் திருப்பி அனுப்பு. மறுபடி அடித்துத் தருகிறேன். ஒரு வாரம் போதும். ஒரு புள்ளி விழுந்ததற்காக ஒரு மனுஷி சாப்பிடாமல் இருப்பாளா? சாப்பிடு. போனை எடு.

அண்ணன்

*

மார்ச் 9

அண்ணா,

உங்கள் கடிதம் கிடைத்தது. போனில் பேச என்னால் முடியாது. பேசினால் அழுவேன். அழுதால் நீங்கள் உடனே ஏதாவது ஏற்பாடு செய்வீர்கள். ஏற்பாடு எனக்கு வேண்டாம்.

மறுபடி அடித்துத் தருகிறேன் என்கிறீர்கள். கட்டைப் பிரித்த அன்றே, உள்ளே புரட்டிக்கூடப் பார்க்காமல், பத்துப் பிரதியை வெளியே அனுப்பிவிட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அதில் ஒன்று போகக் கூடாத கைக்குப் போயிற்று. அதை வாங்கியவர் எங்கள் துறையின் பத்திரிகையில் இரண்டு பக்க விமர்சனம் எழுதியிருக்கிறார். கடைசி வரி இது: "இந்தச் சொல்வடிவங்களை ஆசிரியர் எந்தச் சுவடியில் கண்டார் என்று காட்டினால் உலகமே அவருக்குக் கடமைப்படும்."

ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன் பேசப்பட்ட ஒரு மொழி அது. ஆதி ஸ்லாவியம். அதை யாரும் எழுதிவைக்கவில்லை. அதன் மகள் மொழிகளை அருகருகே வைத்துப் பார்த்து, தாய் இப்படிப் பேசியிருக்க வேண்டும் என்று நாங்கள் கட்டி எழுப்புகிறோம். அப்படிக் கட்டிய ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவோம். "இதை நான் பார்க்கவில்லை, ஊகிக்கிறேன்" என்று அதற்கு அர்த்தம். அதை எடுத்துவிட்டால் "பார்த்தேன்" என்று ஆகிவிடும். பார்க்காததைப் பார்த்தேன் என்கிறவளை என்னவென்று சொல்வார்கள்?

நூற்று எண்பத்தாறு இடங்களில் நான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறேன்.

என் வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு இப்போது மேசையில் இருக்கிறது. ஐந்தாம் தேதி பல்கலைக்கழகக் குழு கூப்பிட்டு விசாரித்தது. ஏப்ரல் பன்னிரண்டு மறுபடி கூடுகிறது. இது எப்படி நடந்தது என்று அச்சகத்திலிருந்து கையெழுத்திட்ட கடிதம் கேட்கிறார்கள். அனுப்பிவையுங்கள்.

ஒரு கேள்வி. எழுத்துரு இடித்தது என்றால் அடிக்குறிப்புகளில் உள்ள நட்சத்திரங்கள் மட்டும் எப்படித் தப்பின?

*

மார்ச் 15

பாப்பா,

அச்சகத்தின் லெட்டர்பேடில் கேட்ட கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கணினிக் கோளாறு, பணியாளரின் கவனக்குறைவு, வருந்துகிறோம். சீல் வைத்திருக்கிறது. நம் வக்கீல் பார்த்துச் சரி சொன்னார்.

அடிக்குறிப்பு எப்படித் தப்பியது என்று எனக்கு எப்படித் தெரியும்? மெஷினைத்தான் கேட்க வேண்டும்.

பிறந்ததிலிருந்து என்னை நீ என்று கூப்பிட்டவள். 'உங்கள்', 'அனுப்பிவையுங்கள்'. கடன்காரனுக்கு எழுதுவதுபோல இருக்கிறது. உன் அண்ணி படித்துவிட்டு, "இது உங்க தங்கச்சி எழுதினதுதானா, இல்ல ஆபீஸ்ல யாராவது எழுதிக் குடுத்தாங்களா?" என்கிறாள்.

நான் பத்தாவதோடு படிப்பை விட்டு ரீம் ரீமாகத் தாள் சுமந்தேன். சொல்லிக்காட்டவில்லை. சொல்ல வந்தது வேறு.

வேறு என்ன என்று எனக்கே தெரியவில்லை. நிறுத்துகிறேன்.

அண்ணன்

*

மார்ச் 22

அண்ணா,

உன் சீல் வைத்த கடிதத்தைக் குழுவிடம் நான் கொடுக்கவில்லை. கொடுக்க உறையில் போட்டு, ஒட்டியும்விட்டேன். அன்று மாலை எழுத்தக்காவிடமிருந்து ஒரு தபால் வந்தது. உள்ளே கடிதம் இல்லை. ஒரே ஒரு தாள். என் புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்து ப்ரூஃப். நான் சரி பார்த்துக் கொடுத்த பக்கம். அதன் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: "நடுவில் வரும் நட்சத்திரம் எல்லாம் எடு. அடியில் இருப்பது இருக்கட்டும்."

'எ' போடும்போது கடைசிக் கோட்டைக் கீழே இழுத்துவிடுவாய். எனக்கு முதன்முதலில் எழுதக் கற்றுக்கொடுத்தது நீதான். என் 'எ'வும் அப்படித்தான் இருக்கும்.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தாயா? அந்தப் புத்தகம் முழுக்க ஒரே ஒரு வினைச்சொல். எட்டு வருஷம் அதோடு குடித்தனம் நடத்தினேன். ஏறக்குறைய இப்படி ஒலிக்கும்: ஸ்திதேதி ஸென். வெட்கப்படுவது என்று பொருள். அதன் உடன்பிறப்புச் சொற்கள் எல்லாம் குளிரைச் சொல்கின்றன. உறைவது, சில்லிடுவது, ஆறிப்போவது. நமக்கு வெட்கம் வந்தால் முகம் சுடும். அந்த ஜனங்கள் சில்லிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்கும் முன்னால் அந்த வேர் எங்கிருந்து வந்தது என்பதில் இன்னும் அடிதடிதான்.

அந்த 'ஸென்' என்றால் தன்னை. அது இல்லாமல் இந்த வினை நிற்காது. நீ வெட்கப்படுகிறாய் என்றால் ஸ்திதிஷி. அவன் என்றால் ஸ்திதிதி. எங்கும் அந்த 'த' கலையாமல் நிற்கிறது. நான் என்று சொல்லும் இடத்தில் மட்டும் ஸ்தித்யோன் என்று அடுத்த ஒலியோடு முட்டுகிறது. முட்டி, பல மகள் மொழிகளில் ஒன்றில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி உடைகிறது. அந்தச் சில்லுகளை ஒட்டவைத்துத்தான் தாயின் சொல் இதுவாக இருக்கும் என்று எழுதினேன். இருக்கும் என்றுதான் எழுதினேன், அண்ணா. நீ அதை 'இருந்தது' ஆக்கிவிட்டாய்.

தெரியாமல் செய்தாய் என்றால் மன்னிப்பேன். போன வருஷம் உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஸ்பூனால் தட்டி, இந்த நட்சத்திரம் எதற்கு என்று உனக்குச் சொன்னேன். அண்ணிகூட, "அப்போ தெரியாதுங்கிறதுக்கு ஒரு அடையாளம், அப்படித்தானே?" என்று சிரித்தார்கள். நீ தலையாட்டினாய்.

தெரிந்துதான் செய்தாயா?

*

மார்ச் 28

பாப்பா,

தெரிந்துதான் செய்தேன்.

இந்த ஒரு வரியை எழுத மூன்று நாள் ஆகியிருக்கிறது. இனிமேல் வேகமாக எழுதிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

இருபத்திரண்டு வருஷமாக சோப்பு அட்டையும் மருந்து லேபிளும் அடிக்கிறேன். "ஏறக்குறைய நல்ல சோப்பு" என்று அடிக்கச் சொன்ன கம்பெனி ஒன்றுகூட இல்லை. கடைக்கு வருகிறவன் முகத்தைப் பார்ப்பான். நீ தயங்கினால் அவனும் தயங்குவான், பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான். இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த படிப்பு. இதை வைத்துத்தான் தாள் சுமந்தவன் மெஷின் வாங்கினேன், உன்னைப் படிக்க வைத்தேன்.

உன் கடைசி ப்ரூஃபைப் புரட்டினேன். ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. நட்சத்திரம் மட்டும் புரிந்தது. பக்கத்துக்குப் பக்கம், வரிக்கு வரி, இது என் ஊகம், இது என் ஊகம் என்று உன்னை நீயே காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை. எட்டு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தயாரித்த சரக்கு. அதன் மேல் சந்தேகம் என்று ஒட்டி விற்பார்களா? அந்தப் படித்த கூட்டத்துக்கு முன்னால் நீ நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று நினைத்தேன். சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

எழுத்தக்கா தடுத்தாள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

"சார், இது பாப்பா வச்ச குறி. அவங்களைக் கேக்காம எடுக்கலாமா?"

"நான் சொல்றேன்ல?"

"ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்களேன். ஒரு நிமிஷ வேலை."

"அச்சகம் யாருது, அக்கா?"

ஒவ்வொன்றாக எடுத்தாள். நாலு நாள் எடுத்தாள்.

பிறகு அன்றைக்கு நீ போனில் அழுதாய். உன் அழுகை கேட்டதும் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. பொய் சொல்கிறேன், நன்றாகவே வேலை செய்தது. தப்பு வெளியே போக ஒரு கதவு தேடியது. அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். ஸ்பீக்கரைப் போட்டேன். "உன்னாலதான் என் தங்கச்சி மானம் போச்சு, எழுந்து போ" என்றேன். அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நீ கேட்டிருப்பாய். அவள் "சரிங்க" என்றாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டாள். போய்விட்டாள்.

அன்றிலிருந்து அச்சகத்தில் யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பைண்டிங் பெரியவர் மட்டும் பேசுகிறார். நேற்று, "முதலாளி, மெஷின்ல கோளாறுன்னா என்னைக் கழட்டிடாதீங்க, நான் வெறும் பசைதான்" என்றார். பக்கத்தில் இருந்தவன் சிரிப்பை அடக்க முடியாமல் கோடவுனுக்குள் ஓடினான்.

சீல் வைத்த அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. புதிதாக எழுதுகிறேன். ஆசிரியர் வைத்த குறிகளை, அவரைக் கேட்காமல், தெரிந்தே எடுக்கச் சொன்னவன் நான், அவர் அண்ணன், அச்சகத்தின் உரிமையாளர் என்று எழுதுகிறேன். யார் வேண்டுமானாலும் சிரிக்கட்டும்.

உன்னை ஒன்றும் கேட்கத் தகுதியில்லை. சாப்பிடு என்று மட்டும் சொல்கிறேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 2

அண்ணா,

உன் கடிதத்தைப் பத்து முறை படித்தேன். கோபப்படலாம் என்று ஒவ்வொரு முறையும் உட்காருகிறேன், வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நீ எழுதப்போகும் கடிதத்தில் 'அண்ணன்' என்ற சொல் வேண்டாம். அச்சக உரிமையாளர் என்று மட்டும் இருக்கட்டும்.

போன மாதம் ஐந்தாம் தேதி குழுவில் கேட்டார்கள், இந்த அச்சகத்தார் யார், உங்களுக்குப் பழக்கமா என்று. சொந்த அண்ணன் அடித்துக் கொடுத்த புத்தகம் என்றால் அதைப் புத்தகமாகவே மதிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். "நேரடிப் பழக்கம் இல்லை. லேபிள் அடிக்கிற ஏதோ ஒரு இடம். இந்த மாதிரி விஷயம் தெரியாத ஆட்கள்" என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

இப்போது நீ அண்ணன் என்று எழுதினால் நான் குழுவிடம் பொய் சொன்னவள் ஆவேன். அச்சில் வந்த தவறுக்காவது பழி ஏற்க ஆள் இருக்கிறது. இதற்கு இல்லை.

எழுத்தக்காவை நீ திட்டியபோது நானும் போனில்தான் இருந்தேன். அவள் பக்கத்தை ஒரு வார்த்தை கேளு என்று சொல்லியிருக்கலாம். யாராவது ஒருத்தர் மேல் விழட்டும் என்று எனக்கும் இருந்தது.

தயவுசெய்து அந்த ஒரு சொல்லை விட்டுவிடு. கேட்கவே கூசுகிறது. கேட்கிறேன்.

*

ஏப்ரல் 7

பாப்பா,

எனக்கு இது புதிது இல்லை.

புத்தகக் கட்டுகளைக் கொண்டுவந்து உன் துறையில் இறக்கினேனே, ஞாபகம் இருக்கிறதா? லிஃப்ட் வேலை செய்யவில்லை, மூன்று மாடி தோளில் ஏற்றினேன். உன் அறைக்கு வெளியே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது. ஒரு அம்மாள், "யாரது வெளியே?" என்றார். நீ, "அச்சகத்துலேருந்து ஆள் வந்திருக்கு" என்றாய். ஆள்தானே, பொய் இல்லை. சட்டை முழுக்கத் தூசியாக இருந்தது. அதனால்தான் உள்ளே வராமல் வாசலிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன். சாப்பிட வா என்று நீ கூப்பிட்டபோது லாரி நிற்கிறது என்றேன். லாரியை அப்போதே அனுப்பியாயிற்று. பஸ்ஸில் போனேன்.

இதை உன்னைக் குத்திக் காட்ட எழுதவில்லை. அன்றைக்கு எனக்கு ஏற்பட்டதைத்தான் எழுத்தக்காவுக்கு நான் கொடுத்தேன், அதுவும் நூறு மடங்காக. அதனால் எழுதினேன்.

அவள் வீட்டுக்குப் போனேன். மாடிப்படியின் அடியில் ஒரு அறை. அவள் நாத்தனார்தான் கதவைத் திறந்தார்.

"யாரு?"

"அச்சகத்துலேருந்து வர்றேன்."

"ஓ! கண்ணு தெரியாதவளை வேலைக்கு வச்சு ஏமாந்துபோன மகராசன் நீங்கதானா? வாங்க, உட்காருங்க. பாத்து உட்காருங்க, நாற்காலிக்கு ஒரு கால் இல்ல. எங்க வீட்டுல எல்லாமே கொஞ்சம் கோளாறு."

"அவங்க கண்ணுல கோளாறு இல்லம்மா. கோளாறு எங்கிட்ட."

"அதை இங்க வந்து சொல்றீங்க. தெருவே அவளைக் கேக்குது, என்னத்தைத் தொலைச்சே, என்னத்தைத் திருடினேன்னு."

எழுத்தக்கா உள்ளேயிருந்து வந்தாள். குழுவுக்கு எழுதியதை அவளிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ப்ரூஃப் பார்க்கிற மாதிரியே விரல் வைத்து, முழுவதும் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க. பாப்பாவுக்கு உதவும்." தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு எதைத் தர்றீங்க?"

"வேலைக்கு வந்துடுங்க, அக்கா. சம்பளம் கூட்டித் தர்றேன்."

"வேலை கிடைச்சிடுச்சு. எதிர்த்தெருவுல ஜெராக்ஸ் கடை. எனக்கு வேண்டியது அது இல்ல. போகச் சொன்னப்ப எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னீங்க. இதையும் எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கு மெஷின்களை நிறுத்தச் சொன்னேன். பதினெட்டுப் பேர். அவள் வாசல் பக்கமாக நின்றாள், உள்ளே வரவில்லை. சொன்னேன். என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. நடுவில் குரல் இறங்கிவிட்டது. "கொஞ்சம் சத்தமா, முதலாளி, கடைசியில இருக்கறவனுக்குக் கேக்கல" என்றார் பைண்டிங் பெரியவர். இந்தத் தடவை அவர் கிண்டல் பண்ணவில்லை. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். திரும்பிப் பார்த்தால் அவள் போய்விட்டிருந்தாள். எதுவரைக்கும் கேட்டாள் என்று தெரியாது. ஜெராக்ஸ் கடை திறக்கும் நேரம்.

மன்னிப்புக் கேட்டதும் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் நடுவில் உட்கார முடியாமல் அறைக்குள் போய்ச் சாப்பிட்டேன்.

இத்துடன் இரண்டு கடிதம் வைத்திருக்கிறேன். இரண்டிலும் கையெழுத்து இருக்கிறது. ஒன்றில் அண்ணன் என்று இருக்கிறது, ஒன்றில் இல்லை. எழுத்தக்காவின் மேல் தப்பில்லை என்ற பத்தி இரண்டிலும் இருக்கிறது, அதை எடுக்க மாட்டேன். மற்றது உன் இஷ்டம். எதைக் கொடுத்தாய் என்று நான் கேட்க மாட்டேன். இல்லாததைக் கொடுத்தாலும் நான் உன் அண்ணன்தான், அதற்குச் சீல் வேண்டியதில்லை.

அண்ணன்

*

ஏப்ரல் 14

அண்ணா,

நீ கேட்க மாட்டாய் என்று எழுதியிருந்தாய். சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டாம் தேதி உள்ளே போகும்போது இரண்டு உறையும் பையில் இருந்தன. நீண்ட மேசை, ஐந்து பேர், ஆளுக்கு ஒரு தண்ணீர் டம்ளர். முதலில் கையில் வந்தது அண்ணன் இல்லாத உறை. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அதையே வெளியே எடுத்து வைத்தேன். தலைவர் படித்தார். "பரவாயில்லை, இப்படி ஒப்புக்கொள்கிற அச்சகத்தார் அபூர்வம்" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். கோப்பை மூடப்போனார்கள். அவ்வளவுதான், முடிந்தது, வேலை என் கையில்.

அப்போது தலைவர் பேச்சோடு பேச்சாக, "எதற்காக இந்த மனுஷன் இப்படி எடுத்திருப்பார்? அவருக்கு என்ன அக்கறை?" என்றார். சும்மா கேட்டார். பதில் எதிர்பார்க்கவில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். நான் அடுத்த உறையை எடுத்து வைத்தேன்.

அவர் படிக்கும்போது நான் நாற்காலியில் சின்னதாகிக்கொண்டே போனேன். "அப்படியானால் மார்ச் ஐந்தாம் தேதி நீங்கள் கையெழுத்திட்டது?" என்றார். பொய் என்றேன். "இதை மறைக்க என்ன அவசியம்? அண்ணன் அச்சகம் வைத்திருப்பதில் என்ன கேவலம்?" என்றார். அவர் உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார், அண்ணா. அவர்களில் யாருக்கும் தோன்றாத கேவலத்தை நான் ஒருத்தியே நினைத்துக்கொண்டு, அதற்குப் பயந்து, உன்னை வாசலில் நிறுத்தியிருக்கிறேன்.

புத்தகத் தவறில் எனக்குப் பங்கில்லை என்று எழுதிவிட்டார்கள். பத்திரிகையிலும் அப்படியே வரும். ஊகத்தை உண்மை என்று விற்றவள் என்ற பெயர் இனி இல்லை. ஆனால் விசாரணையில் பொய் சொன்னவளை நிரந்தரமாக்க முடியாது என்றும் எழுதிவிட்டார்கள். இந்தப் பருவம் முடிந்ததும் நான் அறையைக் காலி செய்ய வேண்டும். இதை உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. நீ எடுத்தது வேறு, நான் சொன்னது வேறு. இது என்னுடையது.

எழுத்தக்காவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். பதில் வராது என்று நினைக்கிறேன். வர வேண்டும் என்று கேட்கவும் இல்லை.

மே மாதக் கடைசியில் அங்கே வருகிறேன், வேறு வேலை கிடைக்கும்வரை. மாடி அறை காலியாக இருந்தால் சொல். அண்ணியிடம் லீவு என்று சொல்லிவைக்காதே, உடம்பு சரியில்லை என்றும் சொல்லாதே. ஏன் வருகிறேன் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

பாப்பா